கொடித்துணியும் காற்றின் திசையும்

ஜப்பானின் க்யூஷு தீவில், வடமுனையில், கிதாக்யூஷு என்ற தொழில் நகரம் இருக்கிறது. மோஜி, கொக்குரா, தோபாதா, யஹாதா, வகாமட்சு என்று தனித்தனியாக இருந்த ஐந்து நகரங்களை 1963-இல் ஒன்றாக இணைத்தபோது பிறந்த பெயர் அது. இரும்பு, ரசாயனம், சிமெண்ட், மின்சாரம் என்று கனரகத் தொழில்கள் அடுத்தடுத்து நின்ற கரை. ஜப்பானின் தொழில் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்நகரத்தைத் தாண்டிப் போக முடியாது. ஊது உலைகள், டன் கணக்குகள், போர்கள், தொழிற்சங்கங்கள் எல்லாம் அந்த வரலாற்றில் உண்டு. வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்ட பெண்களுக்கு அதில் ஓர் ஓரம்தான் கிடைத்தது. அந்த ஓரத்தில் நின்று நகரத்தின் காற்றைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே என் கேள்வி.

தொழில் நகரத்தின் காற்று ஏன் கெடுகிறது என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒரு பதில் தயாராக இருக்கும். மலை மறிக்கிறது, காற்று ஓடவில்லை, இது பனிக்காலம், சில வாரங்களில் சரியாகிவிடும். இதில் பொய் இல்லை. ஒரே அளவு புகையைக் கக்குகிற ஆலை ஒரு நாள் ஊரை மூச்சுத் திணற வைக்கும். மறுநாள் அதே ஊரில் வானம் தெளிவாக இருக்கும். நிலவமைப்பும் பருவமும்தான் அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. ஆனால் இந்த உண்மையை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்பது முக்கியம். அது சாக்காகவும் ஆகலாம், சாட்சியாகவும் ஆகலாம். கிதாக்யூஷுவில் அது சாட்சியாக மாறியதில் பெண்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

விரிகுடாவும் மலையும்

முதலில் இடத்தைப் பார்ப்போம். வடக்கே ஹிபிகிக் கடல். தெற்கே 622 மீட்டர் உயரமுள்ள சரகுரா மலை. இரண்டுக்கும் நடுவே, கடலிலிருந்து நிலத்துக்குள் நீளமாக நுழையும் குறுகலான தொகாய் விரிகுடா. விரிகுடாவின் வடகரையில் வகாமட்சு. தென்கரையில் யஹாதாவும் தோபாதாவும். தென்கரையை ஒட்டி ஆலைகள் நின்றன. ஆலைகளுக்கும் மலைக்கும் இடையே எஞ்சிய ஒடுங்கிய நிலத்திலும் மலைச்சரிவிலும் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன.

இந்தக் கரையில் அரசின் யஹாதா இரும்பு ஆலை 1901-இல் இயங்கத் தொடங்கியது. 1894-95 போரில் தோற்ற சீனா கட்டிய இழப்பீட்டுப் பணம் அதன் கட்டுமானத்துக்கு உதவியது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. அருகிலேயே சிகுஹோ நிலக்கரி வயல். கப்பல் ஒதுங்க அமைதியான விரிகுடா. திறந்த கடலிலிருந்து எதிரி சுலபமாகத் தாக்க முடியாத உள்ளொடுங்கிய கரை. கப்பலுக்கும் நிலக்கரிக்கும் போருக்கும் பொருந்திய இடம்தான். சுவாசத்துக்கு அது பொருந்தவில்லை.

ஏன் என்பது கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு எளிதில் புரியும். பகலில் வெயிலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறும். அப்போது கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். இங்கே கடல் வடக்கே இருப்பதால், அந்தக் காற்று விரிகுடாவைக் கடந்து, புகைபோக்கிகளைக் கடந்து, வீடுகளுக்கு மேலாக வந்து மலையில் முட்டும். இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அது வலுவில்லாத காற்று. பகலில் வந்த புகையைக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் பலம் அதற்கு இல்லை. ஆலை வாயிலில் சங்கு ஊதி ஷிஃப்ட் மாறுவதைப் போல, காற்றும் அந்த ஊரில் நாளுக்கு இருமுறை மாறியது.

கொடியில் தெரியும் பருவம்

நாளுக்குள் நடக்கும் இந்த மாற்றத்துக்கு மேலே ஆண்டு முழுவதுக்குமான இன்னொரு சுழற்சி இருந்தது. குளிர்காலத்தில் சைபீரியாவின் குளிர்ந்த பெருநிலத்திலிருந்து வடமேற்குப் பருவக்காற்று ஜப்பான் மேல் வீசும். வட க்யூஷுவில் அது கடலைத் தாண்டி நேராக இந்தக் கரையில் ஏறும். புகைபோக்கிகளுக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் இருந்த வீடுகளுக்கு அது புகைக்காலம். கோடையில் தெற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் புகை விரிகுடாவைத் தாண்டி வடக்கே போகும். தோபாதாவில் சன்னலைத் திறந்து வைக்கக்கூடிய நாள் வகாமட்சுவுக்கும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. வசந்த காலத்தில் ஆசியக் கண்டத்தின் பாலைநிலங்களிலிருந்து மேலைக் காற்றில் வரும் மஞ்சள் மண் தூசியும் சேர்ந்துகொள்ளும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் மழை காற்றைக் கழுவும். ஆனால் துணி காயாது.

மிக மோசமானவை காற்றே இல்லாத நாட்கள். குளிர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை வேகமாகக் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று இப்படித் தலைகீழாக அடுக்கப்படுவதைப் பள்ளிப் பாடநூல்கள் வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கின்றன. கனமான குளிர்ந்த காற்று மேலே எழ முடியாது. அதில் கலந்த புகையும் எழாது. மார்கழி விடியலில் அடுப்புப் புகை கூரையைத் தாண்டி எழாமல் தெருவில் தாழ்ந்து படர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பின் இடத்தில் நூற்றுக்கணக்கான புகைபோக்கிகளை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மலை, மேலே வெப்பக் காற்றாலான மூடி.

இந்தச் சுழற்சியை வானிலைக் கருவிகள் அளந்தன. கருவி இல்லாமலே அறிந்தவர்களும் இருந்தார்கள். நான் வளர்ந்த தெருவுக்கு அருகிலும் ஓர் ஆலை இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் மொட்டை மாடிக்குப் போனதும் முதலில் பார்ப்பது புகை சாயும் பக்கத்தைத்தான். வெள்ளைத் துணியை எந்தக் கொடியில் போடுவது, வற்றலை இன்று வைக்கலாமா, குழந்தையை எந்த அறையில் தூங்க வைப்பது என்ற முடிவுகள் அதற்குப் பிறகு வரும். அதை அறிவு என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுவேலை என்றார்கள். யஹாதா, தோபாதாப் பெண்களின் கதையைப் படித்தபோது நான் முதலில் அடையாளம் கண்டது இந்தப் பார்வையைத்தான்.

புகைக்கு முன்னால் நிலக்கரி

புகையின் வரலாற்றைப் புகைபோக்கியில் தொடங்கினால் பெண்கள் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே தெரிவார்கள். சுரங்கத்தில் தொடங்கினால் வேறு படம் கிடைக்கும். யஹாதா உலைகளுக்குச் சென்ற சிகுஹோ நிலக்கரியை வெட்டியதில் கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தார்கள். முன்னால் ஆண் கரியை வெட்டுவார். பின்னால் பெண் அதைக் கூடையிலும் சறுக்குப் பெட்டியிலும் நிரப்பி, உயரம் குறைந்த சுரங்க வழியில் ஊர்ந்து இழுத்து வருவார். அங்கே சுரங்கத் தொழிலாளியாக இருந்த யமமோட்டோ சகுபெய் முதுமையில் நினைவிலிருந்து வரைந்த ஓவியங்களில் இந்தப் பெண்களை இன்றும் பார்க்கலாம். 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அவை சேர்ந்தன.

பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுக்கும் விதி 1928-இல் வந்து 1933-இல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த அந்த விதி ஆபத்தோடு சேர்த்துக் கூலியையும் எடுத்துக்கொண்டது. சுரங்கத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டாலும் பெண்களின் வாழ்வில் நிலக்கரி தொடர்ந்தது. அதைக் கூடையில் சுமந்தவர்களுக்கும் பிறகு துணியிலிருந்து துவைத்தவர்களுக்கும் ஒரே நிலக்கரிதான். இரண்டாவது வேலைக்குக் கூலி இல்லை.

புகை மறைத்த நகரம்

இந்நகரத்தின் புகையைப் பற்றி எழுதும்போது 1945 ஆகஸ்டைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க விமானங்கள் யஹாதாவின் மேல் தீக்குண்டுகளைப் பொழிந்தன. மறுநாள் காலை இரண்டாவது அணுகுண்டைச் சுமந்த விமானம் யஹாதாவுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள கொக்குராவுக்கு வந்தது. படைக்கலத் தொழிற்சாலை இருந்த கொக்குராதான் அன்றைய முதல் இலக்கு. மூன்று முறை சுற்றியும் இலக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. மேகமும் மூட்டமும் யஹாதாவிலிருந்து பரவிய புகையும் அதை மறைத்திருந்தன. விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அங்கே பல்லாயிரம் பேர் இறந்தார்கள்.

ஒரு நாள் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது எந்த நகரம் அழிவது என்பதோடு பிணைந்துவிட்டது. இதைக் கொக்குராவின் அதிர்ஷ்டம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் எழுத வரவில்லை. காற்றின் திசை யாருக்கு என்ன கொண்டுவருகிறது என்பது மேலே இருந்து குண்டு போடுகிறவர்களும் கீழே இருந்து புகை விடுகிறவர்களும் எடுத்த முடிவுகளுக்குப் பிறகே வருகிறது.

1950: நகபாரு

போருக்குப் பிறகு உலைகள் மீண்டும் எரிந்தன. 1950-இல் தொடங்கிய கொரியப் போர் எஃகுக்குப் பெரும் சந்தையைக் கொடுத்தது. புகைதான் வளம் என்று ஊர் நம்பியது. யஹாதா நகரத்தின் அதிகாரபூர்வப் பாடலே வானை நிறைக்கும் புகையைப் பெருமையாகப் பாடியது. பல நிறங்களில் எழும் புகையைக் காட்டி மகிழ்ந்த ஊர் அது.

அதே 1950-இல் தோபாதாவின் நகபாரு பகுதிப் பெண்கள் சங்கம் அருகிலிருந்த அனல் மின்நிலையத்தின் சாம்பலைப் பற்றிப் பேசத் தொடங்கியது. துவைத்துக் காயப்போட்ட துணி கறுத்துப்போவதுதான் அவர்களின் தொடக்கப் புள்ளி. புலம்பலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. துணிகளை வெளியில் தொங்கவிட்டு, எங்கே எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்தார்கள். சேகரித்ததை எடுத்துக்கொண்டு நகர மன்றத்துக்குப் போனார்கள். ஆலை தூசிப் பிடிப்பான் பொருத்தும் நிலை வந்தது.

ஜப்பானியப் பெண்கள் முதல்முறையாகத் தேசியத் தேர்தலில் வாக்களித்தது 1946 ஏப்ரலில். நகபாருப் பெண்கள் நகர மன்றத்தின் படியேறியபோது அந்த உரிமைக்கு வயது நான்கு. இப்பெண்கள் சங்கங்களும் புரட்சிகர அமைப்புகள் அல்ல. போர்க்காலத்தில் இத்தகைய சங்கங்களை அரசு போருக்காகத் திரட்டியிருந்தது. படைவீரர்களை வழியனுப்பவும் சிக்கனம் போதிக்கவும் பயன்பட்ட அமைப்பு வடிவத்தை, வாக்குரிமை பெற்ற பெண்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைத் துணி இங்கே கருவியானது. வானிலை நிலையத்தின் கருவி ஓரிடத்தில் நிற்கும். கொடி ஒவ்வொரு வீட்டிலும் நின்றது. எந்தத் தெருவில், எந்தக் காற்றில், எந்த மாதத்தில் துணி கறுக்கிறது என்பது தெரிந்துவிட்டால், சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

துணியில் தெரியாத நஞ்சு

அறுபதுகளில் பிரச்சினையின் தன்மை மாறியது. 1965-இல் யஹாதாவின் ஷிரோயாமா பகுதியில் விழுந்த தூசியின் ஆண்டுச் சராசரி, சதுர கிலோமீட்டருக்கு மாதம் 80 டன். உச்சம் 108 டன். ஜப்பானிலேயே மிக அதிகமான அளவு அது. இதை வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். பத்து சதுர மீட்டர் முற்றத்தில் மாதம் 800 கிராம். ஆண்டுக்கு ஒன்பதரைக் கிலோவுக்கும் மேல். அந்த எடையைப் பெருக்கி, துடைத்து, துவைத்து அகற்றியவர்களின் நேரம் ஆலையின் எந்தச் செலவுக் கணக்கிலும் இல்லை. எஃகின் விலை குறைவாக இருந்ததற்கு அந்த நேரமும் ஒரு காரணம்.

தூசியாவது கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரியோடு எண்ணெயும் பெருமளவில் எரியத் தொடங்கியபோது காற்றில் கந்தக ஆக்சைடுகள் கூடின. அவற்றைக் கொடியில் பிடிக்க முடியாது. துணி வெள்ளையாகவே இருக்கும், குழந்தை இருமும். தோபாதாவின் சன்ரோக்குப் பகுதிப் பெண்கள் இங்கே வேறு ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தார்கள். அது பள்ளி வருகைப் பதிவேடு. வல்லுநர்களின் உதவியோடு, பள்ளிக் குழந்தைகள் உடல்நலமின்றி வராத நாட்களைக் காற்றிலிருந்த கந்தக ஆக்சைடு அளவோடு ஒப்பிட்டார்கள்.

இந்த ஒப்பீட்டில்தான் பருவம் சாக்காக இருப்பதை நிறுத்துகிறது. குளிர்காலத்தில் குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும், அது இயற்கை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் குளிர் எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. புகை அப்படி இல்லை. ஆலைக்கு அருகே உள்ள பள்ளியையும் தள்ளியிருக்கும் பள்ளியையும், புகை மிகுந்த நாளையும் குறைந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பருவத்தின் பங்கையும் ஆலையின் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். வருகைப் பதிவேட்டை இப்படி வாசிக்கலாம் என்று காட்டியது அந்தப் பெண்களின் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

1965-இல் தோபாதாப் பெண்கள் சங்கங்கள் தங்கள் ஆய்வைக் கொண்டு ஓர் 8 மில்லிமீட்டர் படம் எடுத்தன. 'நீலவானம் வேண்டும்' என்பது தலைப்பு. தோபாதாவில் சமூகக் கல்வி அலுவலராக இருந்த ஹயாஷி எய்தாய் அவர்களுக்குத் துணை நின்றார். கொரியத் தொழிலாளர்களின் கட்டாய உழைப்பைப் பற்றிப் பின்னாளில் விரிவாக எழுதியவர் அவர்தான். பெண்கள் கூடிப் படித்தார்கள், வீடுவீடாகக் கேட்டார்கள், ஆலைகளுக்கும் நகராட்சிக்கும் நேரில் போனார்கள், படத்தைத் திரையிட்டுக் காட்டினார்கள்.

ஒரே கூரையின் கீழ்

அவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பலருடைய கணவர்கள் அதே ஆலைகளில் வேலை செய்தார்கள். சிலருக்கு வீடே ஆலை கொடுத்தது. அரிசியும் பள்ளிக் கட்டணமும் அந்தப் புகைபோக்கியின் கீழிருந்து வந்தன. மனைவி மேடையில் பேசினால் கணவரின் மேலதிகாரிக்குத் தெரியும். ஆண் தொழிலாளர்களின் சங்கங்கள் கூலிக்காகவும் வேலைக்காகவும் போராடின. புகையைப் பற்றிப் பேசுவது சோற்றில் கை வைப்பதாகத் தோன்றியது.

இந்தச் சிக்கலில்தான் அளவீடு அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆலையை மூடு என்பது சண்டை. இத்தனை நாள், இத்தனை குழந்தைகள், இந்தப் பள்ளி என்பது கணக்கு. கணக்கைச் சொல்கிறவளைக் குடும்பத் துரோகி என்று சொல்வது கடினம். தாய் என்ற அடையாளத்தையும் அவர்கள் ஒரு கவசமாக அணிந்தார்கள். குழந்தையின் நலத்துக்காகப் பேசும் தாயை யாரும் எளிதில் வாயடைக்க முடியாது. ஆனால் கவசத்துக்கும் விலை உண்டு. தாயாகப் பேசியவர்களை ஆய்வாளர்களாக யாரும் பார்க்கவில்லை.

வானம் வெளுத்த பிறகு

1969-இல் நகரில் ஸ்மாக் எச்சரிக்கை விடுக்கும் நிலை வந்தது. 1970 இறுதியில் ஜப்பானிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசுக் கட்டுப்பாடு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. 1972-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களோடு கிதாக்யூஷு மாசுத்தடுப்பு ஒப்பந்தம் செய்தது. எரிபொருள் மாறியது, வடிகட்டிகள் வந்தன, நாற்றமடித்த தொகாய் விரிகுடாவின் அடியிலிருந்து பாதரசம் கலந்த சேற்றை எழுபதுகளில் அள்ளினார்கள். 1990-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது நகரத்துக்குக் கிடைத்தது. அதே மலை, அதே விரிகுடா, அதே வடமேற்குக் காற்று. வானம் மட்டும் மாறியிருந்தது. நிலவமைப்புதான் காரணம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இந்த வெற்றிக்கதையை அப்படியே வாங்கிக்கொள்ளவும் எனக்குத் தயக்கம் உண்டு. 1968-இன் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் கந்தக ஆக்சைடுக்கான வரம்பைப் புகைபோக்கியின் உயரத்தோடு இணைத்தது. புகைபோக்கி உயர்ந்தால் அதிகம் விடலாம். உயர்ந்த புகைபோக்கி வெப்பத் தலைகீழ் மாற்றத்தின் மூடிக்கு மேலே புகையைத் தள்ளும். அருகில் உள்ள தெரு தப்பிக்கும். தொலைவில் உள்ள யாரோ சுவாசிப்பார்கள். பருவத்தையும் காற்றையும் பற்றிய அறிவை இப்படியும் பயன்படுத்தலாம். இன்று வசந்த காலத்தில் மேலைக் காற்றோடு கண்டத்திலிருந்து நுண்துகள்கள் வட க்யூஷுவுக்கு வருகின்றன. காற்றுக்கு நகர எல்லை தெரியாது என்பதை அந்த ஊர் இரண்டு பக்கமிருந்தும் கற்றிருக்கிறது.

நகரத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் பெண்கள் இன்று இருக்கிறார்கள். அரசும் நிறுவனங்களும் மக்களும் கைகோத்த கதையின் முதல் அத்தியாயத்தில், அக்கறையுள்ள அம்மாக்களாக இருக்கிறார்கள். பிறகு பொறியாளர்களும் அதிகாரிகளும் வருகிறார்கள். அம்மாக்கள் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் கேள்வியை வகுத்ததும், சான்றைத் தேர்ந்ததும், பருவத்தையும் புகையையும் பிரித்துக் காட்டியதும் பாசம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. கரி இழுத்த சுரங்கப் பெண்கள் அந்த அத்தியாயத்திலும் இல்லை.

உங்கள் ஊரின் காற்றைப் பற்றி எழுத நினைக்கும் மாணவிகளுக்கு இந்த வரலாற்றிலிருந்து ஒரு வேலையை எடுத்துக் கொடுக்க முடியும். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் எண்களைப் பாருங்கள். கருவி எந்த இடத்தில் நிற்கிறது, காற்று அங்கே எந்த மாதத்தில் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். பிறகு பள்ளி வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளிப் பதிவைக் கேளுங்கள். சலவைத் தொழிலாளர்களிடமும், கருவாடு காயவைப்பவர்களிடமும், மாடியில் வற்றல் போடுகிறவர்களிடமும் எந்தக் காற்றில் எதை வெளியில் வைக்கமாட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். சொன்னவர் அனுமதித்தால் பெயரோடும்.